வெட்டுப்புள்ளிக்கு மூன்று மார்க் குறைவு

லண்டன் இல்ஃபோர்டில் பாலேந்திராவைத் தெரிந்த எல்லாருக்கும் அவருடைய மூன்று மார்க்கையும் தெரியும். பிறந்தநாள், கலியாணவீடு, செத்தவீட்டு அந்தியேட்டி, எந்த மண்டபத்தில் எந்த மேசையில் ஆளை இருத்தினாலும் சரி, சோறு போட்டுக் கறி வருவதற்கிடையில் அந்தக் கதை வந்துவிடும். எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்தில் கணிதப் பிரிவில் உயர்தரப் பரீட்சை எடுத்தவர் அவர். பொறியியல் பீடத்துக்கு அந்த வருடம் யாழ் மாவட்டத்துக்கென்று போட்ட வெட்டுப்புள்ளிக்கு மூன்று மார்க் குறைவு. "வேறை மாவட்டத்திலை பிறந்திருந்தா நான் இண்டைக்கு எஞ்சினியர்" என்று சொல்லி மூன்று விரலைத் தூக்கிக் காட்டுவார். ஒருமுறை பரிமாறிக்கொண்டு நின்ற ஒரு பெடியன், ஐயா இன்னும் மூன்று ரோல்ஸ் கேட்கிறார் என்று நினைத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டான். பாலேந்திரா அதையும் சாப்பிட்டுக்கொண்டே கதையை முடித்தார்.

வெட்டுப்புள்ளி என்பது வேறொன்றுமில்லை. பல்கலைக்கழகம் போவதற்கு இந்த மாவட்டத்துப் பிள்ளைக்கு இத்தனை மார்க் வேண்டும் என்று அரசாங்கம் கீறுகிற கோடு. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கோடு உயரத்தில், வேறு சில மாவட்டங்களுக்குத் தாழ்வாக. கோட்டுக்குக் கீழே நின்றவர் அடுத்த முறை எடுக்கலாம் என்று புத்தகத்தை விரித்த நேரம் சண்டை திரும்பவும் மூண்டுவிட்டது. பிறகு கொழும்பு, பிறகு லண்டன், பிறகு விசாவுக்காகக் குரோய்டன் குடிவரவு அலுவலகத்துக்குப் பல வருட அலைச்சல், பெற்றோல் நிலையம், இறைச்சிக் களஞ்சியம். கடைசியில் ஒரு கவுன்சிலில் கார் தரிப்பிடச் சட்டத்தை மீறுகிறவர்களுக்கு டிக்கெட் எழுதுகிற வேலை. தொப்பி, நீலச் சட்டை, கையில் ஒரு மெஷின். பதினாலு வருடமாக அதுதான் சீவியம்.

அந்த வேலைக்கு அவரைப்போல ஒரு ஆள் கிடைக்க மாட்டான். நேரம் முடிந்த பிறகும் பத்து நிமிடம் பொறுக்க வேண்டும் என்று ஒரு சட்டம் இங்கே உண்டு. பாலேந்திரா பத்து நிமிடம் பொறுப்பார். பதினோராவது நிமிடத்தில் மெஷினை அழுத்துவார். கார்க்காரர் ஓடிவந்து, ஒரு நிமிடம்தானே ஐயா, பிள்ளையை இறக்கிவிடப் போனேன், மருந்து வாங்கப் போனேன் என்று கெஞ்சுவார்கள். சிலர் அம்மாவையும் அப்பாவையும் இழுத்து ஏசுவார்கள். இவர் முகம் மாறாது. எனக்கு யாராவது மூன்று மார்க் விட்டுக்கொடுத்தார்களா என்று மனதுக்குள் ஒரு கேள்வி. அதோடு சரி, அடுத்த காருக்குப் போய்விடுவார்.

அவருக்கு ஒரே மகள், கோசிகா. பதினெட்டு வயது. போன மார்கழி மாதம் அவளுக்கு ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஓஃபர் வந்தது. ரயிலில் மூன்று மணித்தியாலம் போகிற ஊர். உயிர்மருத்துவ விஞ்ஞானம் என்று பாடத்துக்குப் பெயர். தாய் தவநாயகி அதை "டொக்டர் படிப்புக்குப் பக்கத்திலை இருக்கிற படிப்பு" என்று கோயிலில் எல்லாருக்கும் சொன்னாள். கோயிலில் அவ்வளவு தூரம் விளக்கம் கேட்கிறவர்கள் யாரும் இல்லை, எல்லாரும் சந்தோசப்பட்டார்கள்.

பாலேந்திரா மட்டும் அந்த ஓஃபரை அச்சடித்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று தரம் வாசித்தார். குரோய்டனிலிருந்து வந்த கடிதங்களை வாசித்துப் பழகிய கண் அது. கடைசிப் பந்தியில் பிடித்துவிட்டார்.

"இஞ்சை பார். மூண்டு பாடத்திலையும் பி எடுத்தால்தான் இடம் எண்டு போட்டிருக்கு. இது இடம் இல்லை. இது நிபந்தனை."

"அப்பா, எல்லாருக்கும் அப்பிடித்தான் வாறது. ஸ்கூலிலை எனக்கு ஏ, ஏ, பி வரும் எண்டுதான் எழுதி அனுப்பினவை. சில் பண்ணுங்கோ" என்றாள் கோசிகா.

அவர் சில் பண்ணவில்லை. அவள்தான் பண்ணினாள். தை மாதம் பபிள் டீக் கடையில் சனி, ஞாயிறு வேலைக்குச் சேர்ந்தாள். மாசியில் வெள்ளிக்கிழமையும் சேர்ந்துகொண்டது. பங்குனியில் சிநேகிதிகளோடு அந்தப் பல்கலைக்கழகத்தைப் பார்க்கப் போய், அதன் பெயர் போட்ட சாம்பல் நிறச் சட்டை ஒன்றை வாங்கிவந்து அதோடேயே படுத்து எழும்பினாள். புத்தகம் மேசையில் இருந்தது, பிள்ளை கட்டிலில் இருந்தது, போன் கையில் இருந்தது. தகப்பன் அறை வாசலில் வந்து நின்று, "பிள்ளை, மூண்டு பி" என்பார். "ஓம் அப்பா" என்று உள்ளேயிருந்து பதில் வரும். ஒரு நாளைக்கு இரண்டு தரம், மூன்று தரம். தவநாயகிக்கே அலுத்துவிட்டது.

"இஞ்சருங்கோ, கிடைச்ச பிள்ளையைப் போட்டு ஏன் ஆக்கினைப்படுத்திறியள்? வாயை வைக்காதேங்கோ."

"கிடைக்கேல்லை, தவம். கிடைக்கும் எண்டு எழுதியிருக்கு. கிடைக்கும் எண்டிறதுக்கும் கிடைச்சதுக்கும் இடையிலை எவ்வளவு தூரம் தெரியுமே உனக்கு?"

தவநாயகிக்குத் தெரியும். மூன்று மார்க் தூரம். அவள் மகளுக்குச் சூட்கேஸ் பார்க்கப் போய்விட்டாள்.

பரீட்சை வந்தது, போனது. ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை முடிவு வருகிற நாள். பாலேந்திராவுக்குப் பதினொரு மணிக்குத்தான் ஷிப்ட். ஆறு மணிக்கே எழும்பி முழுகி, விபூதி பூசி, குசினி மேசையில் வந்து இருந்துவிட்டார். எட்டு மணிக்குக் கோசிகா போனைத் திறந்தாள். பல்கலைக்கழக விண்ணப்பம் போட்ட தளத்தில் முதலில் இடம் உண்டா இல்லையா என்று வரும், மார்க் பாடசாலையிலிருந்து பிறகுதான் வரும். இந்த விபரமெல்லாம் பாலேந்திராவுக்கு அன்று காலையில் தெரியாது.

"அப்பா! கன்ஃபேர்ம்ட்! வாழ்த்துகள் எண்டு போட்டிருக்கு! இடம் உறுதியாம்!"

அந்த மனுசன் எழும்பிய வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது. மகளைப் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றினார். தவநாயகி கையிலிருந்த அகப்பையோடு அழுதாள். பாலேந்திராவுக்குக் கணக்கு மிகத் தெளிவு. மூன்று பி எடுத்தால் இடம். இடம் கிடைத்துவிட்டது. ஆகவே மூன்று பி. அந்த இடத்திலேயே கொண்டாவிலில் இருக்கிற தமக்கை பாலாம்பிகைக்கு வட்ஸப்பில் எடுத்தார்.

"அக்கா, கோசிகாவுக்குக் கம்பஸ் கிடைச்சிட்டுது! மூண்டு பி!"

"பி தானோ தம்பி? ஏ ஒண்டும் இல்லையோ?" என்றாள் பாலாம்பிகை. யாழ்ப்பாணத்து அக்காமாருக்கு எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் இன்னும் ஒரு படி மேலே கேட்பார்கள். அன்று அவருக்கு அதுகூடக் குறையாகத் தெரியவில்லை. "ரீயூசன் வாத்திமாருக்கும் சொல்லிவிடு" என்றாள். "சொல்லுறன், சொல்லுறன்" என்று வைத்தார்.

எட்டரைக்குப் பாடசாலையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. கோசிகா அதைத் திறந்தாள். பார்த்தாள். இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு போனை மேசையில் தகப்பனுக்கு முன்னால் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

உயிரியல் சி. இரசாயனம் டி. உளவியல் சி.

பாலேந்திரா மூக்குக்கண்ணாடியைத் தேடினார். அது மூக்கில்தான் இருந்தது.

"இது ஆற்றை?" என்று கேட்டார்.

"என்ரைதான்."

"மூண்டிலையும் குறைவு."

"ஓம்."

"ஒரு பி கூட இல்லை."

"ஓம் அப்பா."

"அப்ப இடம்?"

கோசிகா மற்றப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். இடம் அப்படியே இருந்தது. வாழ்த்துகள் என்று பெரிய எழுத்தில், பக்கத்தில் வண்ணக் கடதாசித் துண்டுகள் பறக்கிற படத்தோடு. பாலேந்திரா அதைப் பார்த்தார், இதைப் பார்த்தார். கோபம் வரவேண்டிய இடத்தில் கோபம் வரவில்லை, சந்தோசம் வந்த இடத்தில் இப்போது அதையும் காணவில்லை. நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கே பிடிபடவில்லை. ஏச வேண்டுமா, கட்டிப்பிடிக்க வேண்டுமா? அரை மணித்தியாலத்துக்கு முந்தி அந்தப் பிள்ளையைச் சுற்றிய கை இப்போது எங்கே வைப்பதென்று தெரியாமல் மேசையில் கிடந்தது.

தவநாயகிதான் முதலில் தேறினாள். "இடம் கிடைச்சிட்டுதுதானே? பிறகென்ன?" என்றுவிட்டு அடுப்பை மூட்டி ரவையை வறுக்கத் தொடங்கினாள்.

"என்ன செய்யிறாய்?"

"கேசரி."

"டி எடுத்த பிள்ளைக்குக் கேசரியோ?"

"கம்பஸ் கிடைச்ச பிள்ளைக்கு" என்றாள் தவநாயகி. இரண்டும் ஒரே பிள்ளை என்பதுதான் பாலேந்திராவின் தலையிடி. ஷிப்டுக்கு இன்னும் நேரம் இருந்தும், கேசரி இறக்குமுன் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று அவருக்குக் கடைத்தெருவில் ஷிப்ட். பன்னிரண்டு மணியளவில் வெள்ளை வான் ஒன்று நேரம் முடிந்து நின்றது. பத்து நிமிடம் பொறுத்தார். பதினோராவது நிமிடம் மெஷினைக் கையில் எடுத்தார். வான்காரன் பெயின்ட் டின்களோடு ஓடிவந்தான். இரண்டு நிமிடம், ஐயா, இரண்டே இரண்டு நிமிடம் என்றான். வழக்கமான கதைதான். பாலேந்திராவின் பெருவிரல் மெஷினுக்கு மேலே நின்றது. அங்கேயே நின்றது. அழுத்தினால் என்ன, விட்டால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. இந்த யோசனை பதினாலு வருடத்தில் அவருக்கு வந்ததே இல்லை. வான்காரனுக்கே பயம் பிடித்துவிட்டது, உங்களுக்குச் சுகமில்லையா என்று கேட்டான்.

"போ" என்றார் பாலேந்திரா. அவன் போய்விட்டான்.

தெருவின் மற்றப் பக்கத்தில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் லதீசன். அவனும் அதே வேலைதான், முப்பது வயது, பாலேந்திராவை வைத்துப் பகிடி பண்ணாவிட்டால் அவனுக்குச் சாப்பாடு செமிக்காது.

"பாலா அண்ணை, நான் கண்டது கனவோ? ஒருத்தனை விட்டிட்டியளே!"

பாலேந்திரா அவனைக் கூட்டிக்கொண்டு ஒரு கோப்பிக் கடை வாசலுக்குப் போய், காலை நடந்ததை முழுதாகச் சொன்னார். சொல்லிவிட்டு, "அதெப்பிடி?" என்று கேட்டார்.

"இதிலை என்ன அண்ணை? அவங்களுக்கு ஆள் வேணும். கதிரை வெறுமையாக் கிடந்தா ஆர் அவங்களுக்கு ஃபீஸ் கட்டுறது? கொஞ்சம் குறைஞ்சாலும் எடுக்கிறாங்கள். என்ரை மச்சாளையும் அப்பிடித்தான் எடுத்தவங்கள்."

"அப்ப ஏன் மூண்டு பி எண்டு எழுதினவங்கள்?"

"எழுதத்தானே வேணும்."

"எழுதினா அதுதானே கோடு?"

லதீசன் அவரை ஒரு மாதிரிப் பார்த்தான். "அண்ணை, இண்டைக்குச் சந்தோசப்படுற நாள். போய் ஒரு கேக் வாங்குங்கோ" என்று தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டான்.

எழுதத்தானே வேணும்! பாலேந்திராவுக்கு அது தொண்டைக்குள் இறங்கவில்லை. கோடு கீறியிருக்கிறார்கள், ஆனால் கோடு இல்லை. அப்படி ஒன்று உலகத்தில் இருக்க ஏலுமா? ஏலாது. ஏலாது என்றால் எங்கேயோ பிழை நடந்திருக்கிறது. கொம்பியூட்டர் பிழை விட்டிருக்கும். மார்க்கைப் பார்க்காமலே வாழ்த்துகள் என்று அனுப்பியிருப்பார்கள். புரட்டாதியில் பிள்ளை சூட்கேஸோடு போய் இறங்கிய பிறகு யாரோ ஒருத்தர் கோப்பைத் திறந்து பார்ப்பார். அப்போது கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினால்? இன்றைக்கென்றால் வெற்றிடம் உள்ள வேறு பல்கலைக்கழகங்களைத் தேடிப் பிடிக்கலாம். புரட்டாதியில் எங்கே போவது?

இந்த இடத்தில் அவருக்குப் பழைய லோயர் நினைவுக்கு வந்தார். அகதி வழக்கு நடந்த காலத்தில் அந்த லோயர் ஒவ்வொரு முறையும் சொல்வது ஒன்றுதான்: எதையும் ஒளிக்காதே, உனக்குப் பாதகமான விசயம் இருந்தால் அவர்கள் கண்டுபிடிக்க முந்தி நீயே சொல்லிவிடு, பிறகு பிடிபட்டால் உண்மையும் பொய்யாகிவிடும். அந்தப் புத்தியைக் கேட்டுத்தான் அவருக்கு விசா கிடைத்தது. ஆகையால் முந்திக்கொண்டு சொல்வதுதான் பிள்ளைக்குப் பாதுகாப்பு என்று பாலேந்திரா தீர்மானித்தார். குரோய்டனில் வரிசையில் நின்று பழகியவர்களைத் தவிர வேறு எந்தத் தகப்பனுக்கும் இப்படி ஒரு பாதுகாப்பு தோன்றியிருக்காது. வங்கிக்குப் பக்கத்துச் சந்தில் நின்று பல்கலைக்கழகத்துக்குப் போன் எடுத்தார்.

நாற்பது நிமிடம் சங்கீதம் கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள். பாலேந்திரா ஆங்கிலத்தில், தன் மகளின் பெயரையும் பிறந்த திகதியையும் விண்ணப்ப இலக்கத்தையும் சொன்னார். விண்ணப்பித்தவரைத் தவிர வேறு யாரோடும் விபரம் கதைக்க முடியாது என்றாள் அந்தப் பெண். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், நான்தான் சொல்லப் போகிறேன் என்றார் இவர். சி, டி, சி. நீங்கள் கேட்டது மூன்று பி. உங்களுக்கு இது தெரியுமா?

அந்தப் பக்கத்தில் விசைகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது. முடிவுகள் எல்லாம் எங்களுக்கு ஏற்கெனவே வந்துவிட்டன, ஐயா, என்றாள் பிறகு.

"வந்துமா எடுத்தீர்கள்?"

அதைப்பற்றித் தன்னால் சொல்ல முடியாது என்றாள். ஐயா ஒரு முறைப்பாடு பதிவு செய்ய விரும்புகிறாரா என்று மரியாதையாகக் கேட்டாள். முறைப்பாடு இல்லை, ஒருதரம் சரிபார்க்கச் சொல்லுகிறேன், அவ்வளவுதான் என்றார் பாலேந்திரா. எழுதிக்கொள்கிறேன் என்றாள். போனைச் சட்டைப் பையில் வைத்தார். செய்தது நல்லதா கெட்டதா என்று அவரால் சொல்ல முடியவில்லை. அன்று மிச்ச ஷிப்டில் அவர் எழுதியது இரண்டே இரண்டு டிக்கெட்.

ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தார். வெயில் இன்னும் இருந்தது. கேசரி மேசையில் மூடி வைத்தபடி இருந்தது, யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. கோசிகா சோபாவில் நேராக இருந்தாள். தவநாயகி குசினி வாசலில் ஒரு துவாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, நீங்கள் யூனிவேர்சிற்றிக்குக் கோல் பண்ணினீங்களா?"

அந்தப் பெண் சும்மா இருக்கவில்லை, எழுதித்தான் இருக்கிறாள். பின்னேரமே கோசிகாவுக்கு மின்னஞ்சல் வந்திருந்தது. உங்கள் தகப்பனார் உங்கள் அனுமதி பற்றிக் கேள்வி எழுப்பியிருக்கிறார், உங்கள் இடம் உறுதியானது, ஆனாலும் அதை மீளப் பரிசீலிக்க வேண்டும் என்று நீங்களே விரும்பினால் நாளை மதியத்துக்குள் அறியத் தரவும் என்று.

"பிறகு பிடிபட்டா என்ன செய்யிறது எண்டு..." என்று தொடங்கினார் பாலேந்திரா.

"பிடிபடுறதோ? நான் என்ன களவெடுத்தனானா?" கோசிகாவின் குரல் உயர்ந்தது. "காலமை என்னைத் தூக்கிச் சுத்தினீங்கள். பிறகு மார்க்கைப் பாத்தோடனை என்ரை முகத்தையே பாக்கேல்லை. ஏசுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான் அப்பா. ஏசவும் இல்லை. அம்மா கேசரி கிண்டுறா, நீங்கள் தொப்பியைப் போட்டுக்கொண்டு போறீங்கள். போய் எனக்குப் பின்னாலை இப்பிடிச் செய்திருக்கிறீங்கள். எனக்கு இடம் கிடைக்கக்கூடாது எண்டா நினைச்சனீங்கள்?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தார். லோயர், கொம்பியூட்டர், புரட்டாதி என்று காரணங்கள் வரிசையாக நின்றன. அவற்றைத் தள்ளி வைத்தார்.

"நினைச்சனான்" என்றார். "கொஞ்ச நேரம் நினைச்சனான்."

"ஐயோ, என்ன கதை கதைக்கிறியள்!" என்றாள் தவநாயகி.

"எனக்கு மூண்டு மார்க், பிள்ளை."

"தெரியும் அப்பா. வேறை மாவட்டம் எண்டால் எஞ்சினியர். நான் பிறந்த நாளிலை இருந்து தெரியும்."

"உனக்குத் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது." பாலேந்திரா தொப்பியைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். "சோதினைக்கு ரெண்டு மாசம் இருக்கேக்கை பள்ளிக்கூடத்திலை மாதிரிச் சோதினை வைச்சவை. நான்தான் முதலாவது. அண்டையிலை இருந்து எல்லாரும் என்னை எஞ்சினியர் எண்டுதான் கூப்பிட்டவை. வாத்திமார், பக்கத்து வீட்டுக்காரர், கடைக்காரர், எல்லாரும். நானும் கிடைச்சிட்டுது எண்டு நினைச்சிட்டன். பிறகு நான் புத்தகத்தைத் தொடேல்லை. பெடியளோடை சேந்து வீடியோ டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்துப் படம் பாத்தனான். ரெண்டு மாசமும் அதுதான் வேலை. பௌதிகத்திலை கடைசி மூண்டு அலகையும் நான் திறந்தும் பாக்கேல்லை. சோதினையிலை அதிலைதான் கேள்வி வந்தது. பேப்பரைப் பாத்துக்கொண்டு சும்மா இருந்தனான்."

வெளியே யாரோ கார்க் கதவை அடித்துச் சாத்தினார்கள்.

"வெட்டுப்புள்ளி அநியாயம்தான். அது பொய்யில்லை. ஆனா மூண்டு மார்க், பிள்ளை. ஒரு கேள்வியிலை பாதி எழுதியிருந்தாக் காணும்."

"அப்ப இருபத்திரண்டு வருசமா எனக்கு என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டாள் தவநாயகி.

"அதுவும் உண்மைதான் தவம்." அவர் மகளைப் பார்த்தார். காலையிலிருந்து இப்போதுதான் பார்க்கிறார். "நீ செய்ததும் அச்சொட்டா அதே வேலை. கடிதம் வந்தது, கிடைச்சிட்டுது எண்டு நினைச்சாய், விட்டிட்டாய். நான் என்ன வாயாலை உன்னை ஏசிறது? ஆனா என்னை வெளியிலை விட்டாங்கள், உன்னை உள்ளை எடுக்கிறாங்கள். உனக்குச் செய்யிறது பிழையோ, எனக்குச் செய்தது பிழையோ? நாள் முழுக்க யோசிச்சுப் பாத்தன். எனக்கு விளங்கேல்லை."

கோசிகாவின் கோபம் எங்கேயோ போய்விட்டது. போன் பண்ணிக் காட்டிக்கொடுத்த தகப்பனைக் கோபிக்கலாம். இந்த மனுசனை என்ன செய்வது என்று அவளுக்கும் தெரியவில்லை.

"எனக்கும்தான் விளங்கேல்லை" என்றாள் மெதுவாக. "நான் படிக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும். ஏன் எடுத்தவங்கள் எண்டு காலமையிலை இருந்து நானும் யோசிக்கிறன். அங்கை எல்லாரும் நல்லா எடுத்திட்டு வந்து இருப்பினம். நான் போய் எந்த முகத்தோடை இருக்கிறது? பயமாயிருக்கு அப்பா."

போனை எடுத்து அவருக்கு முன்னால் நீட்டினாள். "திரும்பப் பாக்கச் சொல்லுறதோ, வேண்டாம் எண்டிறதோ எண்டு கேட்டிருக்கிறாங்கள். நீங்கள்தானே கேட்டனீங்கள். நீங்களே சொல்லுங்கோ. நான் போகவோ, விடவோ?"

பாலேந்திரா போனை வாங்கவில்லை. இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் எண்டு எழுது. திரும்பப் பாக்க வேண்டாம். நீ போ."

"ஏன்? காலமை ஒரு கதை, இப்ப ஒரு கதை. ஏன் அப்பா?"

"ஏன் எண்டு எனக்குத் தெரியாது." அவர் மகளை நிமிர்ந்து பார்த்தார். "ஆனா அண்டைக்கு என்னை ஆராவது, மூண்டு மார்க் குறைஞ்சாலும் பரவாயில்லை, நீ உள்ளை வா எண்டு கூப்பிட்டிருந்தால், நான் ஏன் கூப்பிடுறியள் எண்டு போன் எடுத்துக் கேட்டிருக்க மாட்டன், பிள்ளை. உள்ளை ஓடியிருப்பன்."

கோசிகா நின்ற நிலையிலேயே பதிலை எழுதினாள். இரண்டே வரி. அனுப்பிவிட்டுத் திரையைத் தகப்பனுக்குக் காட்டினாள். அவர் வழக்கம்போல மூன்று தரம் வாசித்தார்.

"அங்கை போயாவது படி, மூதேவி" என்றார்.

அந்த ஒரு ஏச்சுக்காகத்தான் காலை எட்டரையிலிருந்து நின்றிருக்கிறாள். கேட்டதும் அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தியிருந்து அழத் தொடங்கினாள். பாலேந்திரா தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அவள் அழுது முடியும் வரைக்கும் அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்தார்.